கடைசித் தோல் உரியும்வரை

நோயாளி படுத்திருக்கும் அறை வாசலில் தொங்கவிடப் பழைய விரிப்புதான் நல்லது. புதுத்துணி, கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரைக் குடிக்காது. மேலோடு வழிந்து தரைப் பலகையை நாசமாக்கிவிடும். பத்து வருஷமாவது துவைத்து அடித்து நைந்த துணியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது, என் அம்மாவின் சீதனத்தில் வந்தது. ஒரு மூலையில் தன் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலில் தைத்திருப்பாள். அதைத்தான் எஃபியின் அறை வாசலில் கட்டினேன். வினிஃப்ரெட் கிழித்துப் போட்டாள் என்றீர்களே, அதே விரிப்புதான். அதை இனி ஒட்டுப்போட்டுத் தைக்கவும் முடியாது.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். எனக்கு அவசரமில்லை. தேநீரைத் தொடவே மாட்டேன் என்கிறீர்களே. அதில் ஒன்றும் கலக்கவில்லை, போதுமா. பூட்ஸை மட்டும் கம்பளத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு அது கம்பளம். சுத்தம் செய்கிறவர்களுக்கு அரை நாள் வேலை.

என் பெயர் ஹெஸ்டர் லார்ட்டர். வயது நாற்பத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை. இந்த வீட்டுக்காரர் கில்பர்ட் என் தம்பி, வக்கீல். நார்விச்சில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. அவனுடைய முதல் மனைவி எஃபியைப் பெற்ற பத்தாம் நாள் கண்ணை மூடினாள். அடக்கம் முடிந்து வந்த கையோடு கில்பர்ட் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பதினொரு சாவி. ஐந்து வருஷம் அது என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. திங்கட்கிழமை சலவை, செவ்வாய்க்கிழமை இஸ்திரி, ஞாயிற்றுக்கிழமை சுட்ட மாட்டிறைச்சி திங்களன்று ஆறியதாகவும் செவ்வாயன்று கொத்தியதாகவும் மேசைக்கு வரும். சாயங்காலம் ஆறடித்தால் சாப்பாடு. ஜாம் அலமாரி பூட்டியே இருக்கும். எஃபிக்குப் பல் முளைத்த நாட்களில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த அறையை நான் அளந்த மாதிரி எந்தத் தாயும் அளந்திருக்க மாட்டாள்.

பிறகு கில்பர்ட் காற்று வாங்கக் குரோமர் கடற்கரைக்குப் போனான். காற்றோடு ஒரு பெண்ணையும் வாங்கிக்கொண்டு வந்தான், இந்த வினிஃப்ரெட்டை. அங்கே சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவரின் மகள், இருபத்துமூன்று வயது, சிரித்தால் ஈறு தெரியும். தேனிலவு முடிந்து வந்த மறுநாள் காலை, மேசையில் முட்டையை உடைத்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"அண்ணி, இத்தனை வருஷம் நீங்க கஷ்டப்பட்டது போதும். இனிமே நான் பாத்துக்கறேன். சாவியக் குடுங்க."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. சண்டை போட்டுப் பிடுங்கியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்பாகப் பிடுங்குகிறவளிடம் என்னத்தைக் கேட்பது? கில்பர்ட் செய்தித்தாளிலிருந்து தலையையே தூக்கவில்லை.

அதுவரை என்னை அம்மா என்று கூப்பிட்ட சமையற்காரி மிஸஸ் டகெட் அன்று மத்தியானமே 'மிஸ் ஹெஸ்டர்' என்று ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டு நேரம் ஆறு, ஆறரையாகி, ஏழாகியது. ஜாம் அலமாரி திறந்தே கிடந்தது. எஃபி மூன்றாம் நாளே அவளை அம்மா என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே சொன்னாள் என்று வினிஃப்ரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னாள். நான் வளர்த்த குழந்தை, நான் அத்தை, நேற்று வந்தவள் அம்மா. மாடியில் பின்பக்கத்து அறைக்கு என் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தேன்.

போன நவம்பரில் எஃபி ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போய்விட்டு வந்து தொண்டை வலிக்கிறது என்றாள். மறுநாள் உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று பூத்துவிட்டது. டாக்டர் பிராம்லி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் செங்காய்ச்சல் என்றார். வினிஃப்ரெட் அப்போது ஐந்து மாசம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தக் காய்ச்சல் ஒட்டினால் தாயும் மிஞ்சுவதில்லை, பிள்ளையும் மிஞ்சுவதில்லை; தெருக்கூட்டுகிறவனைக் கேட்டால்கூடச் சொல்லுவான். ஆனாலும் அவள், நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு ஒரே அழுகை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்றைக்கே அப்பா வீட்டுக்குப் புறப்பட வேண்டும், குழந்தை முழுக்கக் குணமாகி வீடு சுத்தமாகும்வரை இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று.

வண்டி வாசலில் நின்றது. கையுறையோடேயே இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "எஃபிய நல்லாப் பாத்துக்கோங்க அண்ணி. உங்கள விட்டா அவளுக்கு யாரு."

கவலைப்படாதே என்றேன். சாவிக்கொத்தில் அவள் உடம்புச் சூடு இருந்தது. கார்பாலிக்கில் முக்கி எடுத்துத் துடைத்த பிறகுதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் ஆறு வாரம் நான் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது. இதையும் எழுதுங்கள். மேல்மாடி அறையிலிருந்து கம்பளத்தைச் சுருட்டினேன், திரைச்சீலைகளை இறக்கினேன், அவள் தலைமுடியை ஒட்ட வெட்டினேன். பொம்மைகளையும் புத்தகங்களையும் எரித்துவிடச் சொன்னது டாக்டர்தான். எந்தப் பொம்மையை முதலில் எரிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வினிஃப்ரெட் வாங்கிக் கொடுத்த மெழுகு பொம்மையை முதலில் வைத்தேன், அது நன்றாக எரிந்தது. அறைக்குள் போகும்போது மேலங்கி ஒன்று, வெளியே வந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கையையும் முகத்தையும் மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டுதான் கீழே இறங்குவேன். கீழே சமையலறையில் அன்றைய உத்தரவுகளைக் கொடுத்துவிட்டு மறுபடி மேலே. ஜாம் அலமாரியைப் பூட்டினேன். சாப்பாடு ஆறு மணிக்கு வந்தது.

முதல் வாரக் கடைசியில் கில்பர்ட் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, "பழைய மாதிரி இருக்குக்கா," என்றான்.

அன்றைக்கு மூன்று முறை எழுந்து போய் வேறெதையோ எடுத்து வருகிற மாதிரி சமையலறையில் நின்றுவிட்டு வந்தேன். முகத்தை மறைக்கத்தான். ஒரு வார்த்தை பேசாத மனுஷன் மூன்று வார்த்தை பேசியிருக்கிறான் அல்லவா.

இப்போது தோல் விஷயத்துக்கு வருகிறேன். செங்காய்ச்சல் விட்டபிறகு தோல் உரியும். முகத்தில் தவிடாக உதிரும், கையில் பெரிது பெரிதாகக் கழன்று வரும், கடைசியில் உள்ளங்கால். அந்த உரிந்த தோலில்தான் நோய் குடியிருக்கிறது, ஒரு துணுக்கு யாருடைய பாவாடையில் ஒட்டிக்கொண்டு போனாலும் போதும் என்பார்கள். அதனால் உள்ளங்காலில் கடைசித் தோல் உரிந்து முடியும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது. முடிந்ததும் அறையில் கந்தகம் கொளுத்தி, சுவருக்கு வெள்ளையடித்தால் வீடு சுத்தம். டாக்டர் பிராம்லி பிரசவமும் பார்க்கிறவர்; தன் கோட்டில் நோயைக் கொண்டுபோய் எந்தப் பிள்ளை பெற்றவளையும் கொன்றுவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. அதனால் காய்ச்சல் இறங்கிய பிறகு அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை வந்து நடையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பார். எஃபி ஈர விரிப்பின் இடுக்கு வழியாகக் காலை வெளியே நீட்டுவாள். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. கட்டைவிரலை ஆட்டிக் காட்டுவாள், அவர் தொப்பியை ஆட்டி வணக்கம் சொல்லுவார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வியாழக்கிழமை அந்தக் கால் சுத்தமாக இருந்தது. புதுத்தோல், ரோஜா நிறம். அடுத்த வியாழன் இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கடிதம் எழுதித் தருகிறேன், வருஷப் பிறப்புக்கு வினிஃப்ரெட் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். அன்றைக்குச் சாப்பாட்டின்போது கில்பர்ட் இரண்டாவது முறையாக வாயைத் திறந்தான்.

"அவ வந்ததும் சாவிய அவகிட்டயே குடுத்துடுக்கா. அப்புறம் பாப்பா பொறந்தா தாதிக்கு ஒரு ரூம் வேணும். நீ பேசாம யார்மத்துல சித்தப்பா பொண்ணு வீட்டுல போயி இருந்தா என்ன? கடல் காத்து உனக்கும் நல்லது."

இந்தக் குடும்பத்துக்குக் கடற்காற்று செய்த நன்மை போதாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "யோசிக்கறேன்," என்றேன். நிஜமாகவே யோசித்தேன்.

திங்கட்கிழமை சலவை. கிறிஸ்மஸுக்கு முதல் நாள்கூடவா என்று டகெட் முணுமுணுத்தாள். திங்கள் என்றால் திங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் அவள் தொட்டியிலிருந்து இரண்டு கையையும் தூக்கி என் மூக்கு முன்னால் நீட்டினாள். "பாருங்க மிஸ் ஹெஸ்டர், இந்தச் சலவைச் சோடா என் கையத் தின்னுடுச்சு. நம்ம எஃபி பாப்பாவோட கை மாதிரியே உரியுது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பார்த்தீர்களா, அது என்னுடைய யோசனைகூட இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எஃபியின் கால்களை ஊறவைத்தேன். எப்போதும் ஊறவைக்கிற அதே பேசின், அதே வெந்நீர். அதில் சலவைச் சோடாவை இரண்டு கை அள்ளிப் போட்டேன். மத்தியானம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. மறுநாள் விரிப்பின் இடுக்கு வழியாக வந்த கால் குதிகாலில் வெளுத்து, ஓரங்களில் சுருண்டு நின்றது.

"அடடா, இன்னும் உரியுதே," என்றார் டாக்டர். "சரி, இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்."

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அவர் என்னை ஒன்றும் கேட்கவும் இல்லை. காலைப் பார்த்தார், தோல் உரிந்திருந்தது. குரோமருக்குத் தந்தி போயிற்று. வினிஃப்ரெட்டை வரவேற்க வாங்கித் தொங்கவிட்டிருந்த வாத்தை நாங்களே சமைத்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. திங்களுக்குச் சலவை இருக்கிற மாதிரி, பத்து மணிக்குக் கால். முதல் சில நாள் எஃபி அழுதாள். எரியுது அத்தை, எரியுது அத்தை என்று காலை இழுத்துக்கொள்வாள். நான் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்துப் பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி எடுத்துச் சொன்னேன்.

"உன் தோல் பூரா உரிஞ்சாத்தான் அம்மா வரலாம். அதுக்கு முன்னாடி வந்து, உன் மேலேர்ந்து ஒரு துணுக்கு பட்டாலும் அம்மா செத்துப்போயிடுவா. வயித்துல இருக்கற பாப்பாவும் செத்துப்போயிடும்."

அவள் வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என் கால்தான் கெட்டதா, அத்தை?"

"ஆமாம்," என்றேன்.

அதோடு அழுகை நின்றது. துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே காலை உள்ளே வைப்பாள். ஜனவரி பாதியில், நான் சோடாவை அள்ளும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை. சீக்கிரமா உரிஞ்சு தீந்துடட்டும்."

இதைத் தனியாக அடிக்கோடு போட்டு எழுதுங்கள், இன்ஸ்பெக்டர். அவளே கேட்டாள். நான் ஒரு நாளும் அவளைப் பிடித்து அமுக்கவில்லை. கேட்கிற குழந்தைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எஃபியின் கடிதங்களைப் பற்றிக் கேட்டீர்கள். நோய் அறையிலிருந்து போகிற கடிதத்தை அடுப்பில் ஒரு மணி நேரம் சுட்டுத்தான் தபாலில் போட வேண்டும், அதுதான் முறை. அடுப்பில் காகிதம் சில சமயம் கருகிவிடும். எல்லாக் கடிதங்களும் கருகின என்பது உண்மைதான். கடைசிக் கடிதத்தை அடுப்பில் போடுமுன் படித்துப் பார்த்தேன். அம்மா, நான் தினமும் நல்லாத் தேய்ச்சுக்கறேன், பாப்பாகிட்ட என்மேல கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க என்று கோணல்மாணலாக எழுதியிருந்தாள். எழுத்து நன்றாகத் தேறியிருந்தது. தினமும் பதினொரு மணிக்கு நான் சிலேட்டில் எழுதவைப்பேன். படிப்பு கெடக் கூடாது அல்லவா.

டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். பிப்ரவரியில் உரிவதற்குத் தோல் இருக்கவில்லை, கீழே வேறு நிறம் தெரிந்தது. நான் கஞ்சிமாவைக் கொஞ்சம் தூவி, அது உலர்ந்து பொருக்காக எழும்பிய பிறகு காட்டச் சொன்னேன். நடையில் ஒரே ஒரு ஜன்னல்தான், அதுவும் வடக்குப் பக்கம். கடைசியாக வந்த வியாழக்கிழமை அவர் தொப்பியை ஆட்டிவிட்டுச் சற்று நின்றார்.

"ஏன், இன்னிக்குக் கட்டைவிரல ஆட்டலியே?"

"வளந்துட்டா டாக்டர். இப்பல்லாம் ரொம்பப் பெரிய மனுஷி," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே படி இறங்கினார். ஒரு கால் விரலைக்கூடக் கிட்டே குனிந்து பார்க்காதவரை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. நீங்கள் அவரிடமும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

பிப்ரவரி கடைசிப் புதன்கிழமை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வினிஃப்ரெட் வந்தாள். எஃபியிடமிருந்து மூன்றரை மாசமாக ஒரு வரி இல்லை, இனித் தாங்காது, பார்த்துவிட்டாவது போகிறேன் என்று வந்தாளாம். உள்ளே வரவில்லை. பின்கட்டுத் தோட்டத்தில், நிறைமாச வயிற்றோடு, பனியில் நின்று மேலே பார்த்தாள். எஃபி ஜன்னலுக்கு வந்தாள். வினிஃப்ரெட் கையை ஆட்டினாள். குழந்தை இரண்டு கையாலும் போங்கள் போங்கள் என்று சைகை காட்டினாள். இது எல்லாமே எனக்கு மாடியிலிருந்து தெரிந்தது, பத்து மணி வேலை அப்போதுதான் முடிந்திருந்தது.

வினிஃப்ரெட்டின் முகம் மாறியது. சமையலறைக் கதவைத் தட்டி டகெட்டைக் கூப்பிட்டாள். எஃபி ஏன் முட்டி போட்டு நிற்கிறாள், ஏன் எழுந்து நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறாள்.

அந்தச் சமையற்காரி இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்தவள். அன்றைக்குப் பார்த்துத் திறந்துவிட்டாள். "நிக்கறதா? மூணு வாரமா மேல காலடிச் சத்தமே கேக்கலைங்கம்மா. நானும் படுத்திருக்குன்னு நெனச்சேன். சோடா மட்டும் தினம் தினம் மேல போகுது. ஒரு குழந்தை துணிக்கு எதுக்கு இத்தன சோடான்னு எனக்கே புரியல."

நான் படி உச்சியில் போய் நின்றேன். வினிஃப்ரெட் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள், மூச்சு வாங்கியது.

"டாக்டர் உத்தரவு," என்றேன். "உன் வயித்துல இருக்கறத நெனச்சுப் பாரு."

உள்ளே போனால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று இந்த உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவளுக்கு அது தெரியாது. செத்துப்போவோம் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தாள். அதை நான் மறுக்கவில்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும்.

"வழிய விடுங்க அண்ணி," என்றாள். நான் விடவில்லை. தோளால் என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு விரிப்பை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

எஃபி கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வராதீங்கம்மா, இன்னும் முடியல. தொட்டா செத்துப்போயிடுவீங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கற்றுக்கொடுத்ததை அந்தக் குழந்தை ஒரு நாளும் மறந்ததில்லை. வினிஃப்ரெட் அந்த வயிற்றோடு தரையில் படுத்து, கையை விட்டு, மெதுவாக வெளியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவள் மேல் படாமல் இருக்க இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருந்தது. அப்போதுதான் அவள் அந்தக் கால்களைப் பார்த்தாள்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பேசினில் விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சோடா."

"சுத்தத்துக்கு," என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"கிறிஸ்மஸ்லேர்ந்து."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "எதுக்கு அண்ணி?"

என் வலது கை வலித்தது. குனிந்து பார்த்தால் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளங்கையில் சாவிகளின் பல் பதிந்து கிடக்கிறது.

மற்றதை அந்த இன்னொரு டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். வினிஃப்ரெட் அழைத்துவந்தவர், இளைஞர், உள்ளே வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் காலைத் தூக்கிப் பார்த்தவர். விஷம் தொடைவரை ஏறிவிட்டது என்றார். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எஃபி யாரையும் கிட்டே விடவில்லை. காய்ச்சல் இல்லை கண்ணு, நீ எப்பவோ சுத்தமாயிட்ட என்று வினிஃப்ரெட் தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்தாள். குழந்தை நம்பவில்லை. காலைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு, தள்ளிப் போங்கம்மா என்பாள். ஆறாம் நாள் வினிஃப்ரெட்டுக்கே இடுப்புவலி கண்டுவிட்டது. பக்கத்து அறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

கடைசி நாளில் என்ன நடந்தது என்று டகெட் வந்து என்னிடம் சொன்னாள். என் அறைக்கு வெளியே பூட்டுப் போட்டிருந்தார்கள். கதவு இடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள். பாப்பா உயிரோடு இருக்கிறதா என்று எஃபி கேட்டாளாம். இருக்கு கண்ணு, நல்லா இருக்கு என்றாளாம் டகெட். "'அப்போ நான் தொடல'ன்னு சொல்லிச்சு, மிஸ் ஹெஸ்டர். சொல்லிட்டுத் தூங்கிருச்சு. எழுந்திரிக்கல. நீங்க நல்லா இருங்க." காறித் துப்புகிற சத்தம் கேட்டது. நான் துடைத்துக் கழுவி மெழுகு போட்ட தரை அது.

ஆமாம், இன்ஸ்பெக்டர். நீங்கள் கேட்கிற கேள்விக்கு ஒரே பதில்தான். கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே அவள் சுத்தமாகிவிட்டாள், எனக்குத் தெரியும். சோடா போட்டது நான்தான். அதற்குப் பிறகு உரிந்தது காய்ச்சல் தோல் இல்லை, நல்ல தோல். ஒன்பது வாரம், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல். அந்த ஒன்பது வாரமும் இந்த வீட்டில் சாப்பாடு ஆறு மணிக்கு மேசைக்கு வந்தது, ஒரு கரண்டி ஜாம் வீணாகவில்லை. கில்பர்ட்டைக் கேளுங்கள். அவன் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் பொய் சொல்ல மாட்டான். அந்தக் குழந்தை மேல் எனக்கு என்ன கோபம்? அவளைப் பெற்றவளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டவள் நான். வேறு யாராக இருந்தாலும் கால் அந்த நிலைமைக்கு வந்தபிறகு அருவருப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு நாள்கூடத் திருப்பவில்லை.

கேட்கிறதா? சின்னது அழுகிறது. இன்னும் ஆறாகவில்லை, அதற்குள் பசி. பிறந்து எட்டு நாள் ஆகிறது, இன்னும் நேரத்துக்குப் பாலூட்டிப் பழக்கவில்லை. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நாள் முழுக்க அந்தக் கிழிந்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். துக்கம் பிடித்தவள் கையில் ஒரு வீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கில்பர்ட்டும் கொஞ்ச நாளில் புரிந்துகொள்வான்.

வருகிறேன், என் தொப்பியை எடுத்துக்கொள்கிறேன். சாவியா? என்னிடம்தான் இருக்கிறது, இவ்வளவு கலவரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்தாருங்கள், நீங்களே அவளிடம் கொடுத்துவிடுங்கள். பதினொன்றும் இருக்கிறது. இந்தச் சின்னச் சாவி சலவைச் சாமான் அலமாரியுடையது. பச்சைக் குழந்தை இருக்கும் வீடு, அதன் தோல் பூ மாதிரி இருக்கும். நான் திரும்பி வரும்வரை அந்தச் சோடாவை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.